தணிக்கையில் தென்பட்ட ‘செங்கொடிகள்’: ஆங்கிலச் சிவப்பைத் தமிழாக்குவது குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில், ஒரு நிறுவனத்தின் கணக்குகளை ஆராய்ந்த தணிக்கையாளர்கள் அவற்றில் ‘பல செங்கொடிகளைக் கண்டதாக’ ஒரு செய்தி வெளியாகியிருந்தது. கண்பார்வை மங்கிய என் தந்தையாருக்கு அன்றாடம் நாளிதழை வாசித்துக் காட்டுவது என் வழக்கம். இந்த வரியைக் கேட்டதும் அவர், “தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கிவிட்டார்களா?” என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செங்கொடி என்ற சொல் தமிழில் ஊர்வலத்தையும் தொழிற்சங்கத்தையும் பொதுவுடைமை இயக்கத்தையும் நினைவூட்டுமே தவிர, பொருந்தாத பற்றுச்சீட்டையோ இரண்டு முறை எழுதப்பட்ட செலவையோ நினைவூட்டாது. ஆங்கிலத்தில், எச்சரிக்கை அறிகுறி என்ற பொருளில் ‘ரெட் ஃப்ளாக்’ என்று இருந்ததைச் செய்தியை எழுதியவர் அப்படியே தமிழாக்கியிருக்கிறார் என்பதைத் தந்தையாருக்கு விளக்கிச் சொல்வதற்குள் காப்பி ஆறிவிட்டது.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பதையே தொழிலாகக் கொண்டு முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில், இது ஒரு செய்தியில் நேர்ந்த ஒற்றைப் பிழை அன்று என்பதைத் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன். சிவப்பு நிறத்தைத் தாங்கிய ஆங்கில மரபுத்தொடர்கள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில் நிறம் என்பது எப்போதோ கண்முன் இருந்த ஒரு பொருளின் எச்சம் மட்டுமே. அந்தப் பொருள் எது என்று பாராமல் நிறத்தை மட்டும் தமிழுக்குக் கொண்டுவந்தால், வாசகர் கையில் சாயம்தான் மிஞ்சுகிறது.

செங்கொடியையே எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சுப் புரட்சியின் தொடக்கத்தில் செந்நிறக் கொடி கிளர்ச்சிக்காரர்களின் கொடியாக இருக்கவில்லை. கூட்டம் கலைந்து செல்லாவிட்டால் படைபலம் பயன்படுத்தப்படும் என்று அதிகாரிகள் எச்சரிப்பதற்கு ஏற்றிய கொடியாகவே அது இருந்தது. 1791-ஆம் ஆண்டு ஜூலை மாதம் பாரிஸ் நகரில் அந்தக் கொடியை ஏற்றிய பின்னர்தான் கூட்டத்தின்மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. தங்களை அச்சுறுத்திய கொடியையே பின்னர் மக்கள் தங்கள் கொடியாக எடுத்துக்கொண்டார்கள். 1871-இல் பாரிஸ் கம்யூன் என்ற மக்கள் ஆட்சியின்போது அது நகரமெங்கும் பறந்தது. அபாயம், கலகம் என்ற இரண்டு பொருள்களும் ஆங்கிலத்தில் ஒரே தொடருக்குள் தங்கிவிட்டன. தமிழோ இவ்விரண்டையும் ஓசையில்லாமல் பிரித்து வைத்திருக்கிறது: இயக்கத்தின் கொடி செங்கொடி, இரயிலை நிறுத்தும் கொடி சிவப்புக் கொடி. ஒருவர் ஒரு திட்டத்திற்குச் சிவப்புக் கொடி காட்டினார் என்றால் அதைத் தடுத்தார் என்று எவருக்கும் புரியும். செங்கொடி காட்டினார் என்றால் அவர் கட்சி மாறிவிட்டார் என்றுதான் புரியும்.

தணிக்கைச் செய்திக்கு இரண்டு கொடிகளுமே வேண்டியதில்லை என்பது என் கருத்து. வரவுக்கும் இருப்புக்கும் ஒத்துவராதபோது கணக்கு எழுதுகிறவர் “எங்கேயோ இடிக்கிறது” என்று சொல்வார்; அந்தச் சொல்லில் ஐயமும் இருக்கிறது, அதை இன்னும் மெய்ப்பிக்கவில்லை என்ற நிதானமும் இருக்கிறது. ‘ரெட் ஃப்ளாக்’ என்று தணிக்கையாளர்கள் குறிப்பிடுவதும் சரியாக இதைத்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: பிறமொழித் தொடர்களைத் தமிழ் ஏற்கவே கூடாது என்று வாதிடும் தனித்தமிழ்ப் பிடிவாதம் எனக்கு இல்லை. ‘பச்சைக் கொடி காட்டினார்’ என்பது இரயிலோடு வந்த தொடர்; இன்று அதை அயல் தொடர் என்று யாரும் நினைப்பதில்லை. கால்பந்தில் ‘சிவப்பு அட்டை’யும் அப்படியே. போக்குவரத்து விளக்குகளைப் பார்த்து நடுவர் கென் ஆஸ்டன் வகுத்த யோசனை அது. 1970-ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டியில் அட்டைகள் நடைமுறைக்கு வந்தன. அந்தப் போட்டியில் சிவப்பு அட்டை ஒருமுறைகூட வெளியே எடுக்கப்படவில்லை என்பது வேறு செய்தி. கொடியையும் அட்டையையும் வாசகர் தம் கண்ணால் பார்த்திருக்கிறார். ஆகவே சொல் வந்தபோது அதற்கான பொருள் அவர் மனத்தில் ஏற்கெனவே காத்திருந்தது. ஒரு தொடர் தமிழில் வேர்பிடிக்குமா என்பதை அறிய எனக்குத் தெரிந்த உரைகல் இதுதான்.

அலுவலக நடைமுறைகளால் நேரும் தாமதத்தைக் குறிக்கும் ‘சிவப்பு நாடா’ இந்த உரைகல்லில் தேறிவிட்டது. இங்கிலாந்தில் அரசு ஆவணங்களையும் வழக்குக் கட்டுகளையும் கட்டிவைத்த துணி நாடாவிலிருந்து ‘ரெட் டேப்’ பிறந்தது. உண்மையில் அந்த நாடா அவ்வளவு சிவப்பும் இல்லை. அங்கே வழக்கறிஞர்களின் கட்டுகளை இன்றும் சுற்றியிருக்கும் நாடா வெளிறிய இளஞ்சிவப்புத்தான். நாடாளுமன்ற உரைகளைச் சுருக்கெழுத்தில் எடுக்கும் செய்தியாளராகத் தம் இளமையில் பணியாற்றிய சார்லஸ் டிக்கன்ஸ், ‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’ புதினத்தில் பிரிட்டன் நாட்டையே சமையலுக்குக் கட்டிவைத்த கோழியாக உருவகித்து, அலுவலகப் பேனாக்களால் குத்தப்பட்டும் சிவப்பு நாடாவால் கைகால் கட்டப்பட்டும் அது கிடப்பதாக எழுதினார். கோப்பையும் நாடாவையும் கண்டவர்களுக்கு இந்தக் கேலி உடனே பிடிபட்டது. நமக்கும் அப்படியே பிடிபட்டது. ஆயினும் ‘சிவப்பு நாடாவைக் குறைக்க அரசு திட்டம்’ என்ற தலைப்பைக் காணும்போது, ஏதோ கொள்முதல் செலவைக் குறைக்கிறார்கள் போலும் என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்கிறது. நாடாவைக் குறைப்பதில்லை, அவிழ்ப்பார்கள் அல்லது அறுப்பார்கள். ‘இழுத்தடிப்பு’ என்ற ஒரு சொல்லே பல இடங்களில் போதுமானது.

இனி மீனுக்கு, அதாவது கவனத்தைத் திசைதிருப்பும் பொய்த் தடத்தைக் குறிக்கும் ‘ரெட் ஹெர்ரிங்’ என்ற தொடருக்கு வருகிறேன். இதில் நானே ஒரு குற்றவாளி. தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு துப்பறியும் கதையைப் பற்றிய கட்டுரையை மொழிபெயர்த்தபோது, ‘ஆசிரியர் வழியெங்கும் சிவப்பு ஹெர்ரிங் மீன்களைப் போட்டு வைத்திருக்கிறார்’ என்று எழுதிக் கொடுத்தேன். மெய்ப்புப் பார்த்தவர் ஓரத்தில் சிறிய எழுத்தில், ‘கொலை நடந்தது மீன் சந்தையிலா?’ என்று குறித்து அனுப்பியிருந்தார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஹெர்ரிங் என்பது மத்தி மீனின் குடும்பத்தைச் சேர்ந்த, வெள்ளிபோல் மின்னும் கடல்மீன். சிவப்பு ஹெர்ரிங் என்று கடலில் எதுவும் இல்லை. அந்த மீனை உப்பிலிட்டுப் பிறகு நெடுநாள் புகையில் வாட்டும்போது செம்பழுப்பு நிறமும் மூக்கைத் துளைக்கும் நெடியும் ஏறிவிடுகின்றன. குளிர்ப்பெட்டி இல்லாத காலத்தில் கெடாமல் வைத்திருக்க ஐரோப்பியர் கண்ட வழி அது. அந்த நெடியைப் பயன்படுத்தி வேட்டை நாய்களின் மோப்பத்தைத் திசைதிருப்பினார்கள் என்று நெடுங்காலம் அகராதிகளும் கட்டுரைகளும் சொல்லிவந்தன. பழைய நூல்களைத் துருவிய ஆய்வாளர்கள், வேட்டைக்காரர்களிடையே அப்படியொரு வழக்கம் இருந்ததற்குச் சான்றில்லை என்றும், 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெளியான குதிரையேற்றக் குறிப்பு ஒன்றைப் பின்னால் வந்தவர்கள் பிழையாகப் புரிந்துகொண்டார்கள் என்றும் காட்டியிருக்கிறார்கள். வேட்டை நாய்களின் ஆரவாரத்திற்குக் குதிரைகளைப் பழக்குவதற்காக, நாய்கள் பின்தொடரும்படி செத்த விலங்கையோ, அது கிடைக்காதபோது புகையில் வாட்டிய மீனையோ தரையில் இழுத்துச் செல்லலாம் என்பதுதான் அந்தக் குறிப்பு. நாய்களை ஏமாற்றும் பேச்சே அதில் இல்லை.

ஏமாற்றும் மீனைப் பிரபலப்படுத்தியவர் வில்லியம் காபெட் என்ற ஆங்கில இதழாளர். 1807-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் தம் வார இதழில் அவர் ஒரு கதை எழுதினார்: சிறுவனாக இருந்தபோது முயலைத் துரத்திய நாய்களை இந்த மீனை இழுத்துச் சென்று வேறு பக்கம் திருப்பிவிட்டாராம். நெப்போலியன் தோற்றுவிட்டான் என்று வந்த பொய்ச் செய்தியை நம்பி, உள்நாட்டில் கவனிக்க வேண்டியவற்றைக் கைவிட்டு அதன் பின்னாலேயே ஓடிய இலண்டன் பத்திரிகைகளை அந்த நாய்களோடு ஒப்பிடுவதற்காகவே அவர் இந்தக் கதையைச் சொன்னார். ஆசிரியர் அவர்களே, தாங்கள் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் சொல்கிறேன்: இந்தத் தொடர் புகழ்பெற்றதே பத்திரிகைகளைக் கடிந்துகொள்வதற்காகத்தான்.

இத்தனை வரலாற்றையும் ஒரு செய்தியின் நடுவில் யாரும் விளக்க முடியாது, விளக்கவும் வேண்டாம். துரத்துகிறவரை ஏய்க்கும் செயலுக்குத் தமிழில் ‘போக்குக் காட்டுதல்’ என்ற அருமையான தொடர் இருக்கிறது. அமைச்சர் ஒருவர், தம்மிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு விடை சொல்லாமல் வேறொன்றைக் கிளப்பினால் அவர் போக்குக் காட்டுகிறார். துப்பறியும் கதையில் வந்தால் அது போலித் தடயம். பங்குச் சந்தையில் இதே தொடர் வந்தால் மட்டும் கூடுதல் கவனம் தேவை. ‘ரெட் ஹெர்ரிங் ப்ராஸ்பெக்டஸ்’ என்பது பங்குகளின் இறுதி விலை போன்ற விவரங்கள் நிரப்பப்படாமல் முதலில் வெளியிடப்படும் விவர அறிக்கை. அமெரிக்காவில் இத்தகைய அறிக்கையின் முகப்பில், பதிவு இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்ற எச்சரிக்கை சிவப்பு மையில் அச்சிடப்பட்டதால் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அங்கே யாரும் யாரையும் ஏமாற்றுவதில்லை. அதை ‘முதற்கட்ட விவர அறிக்கை’ என்று எழுதினால் முதலீட்டாளருக்கும் நல்லது, மீனுக்கும் நல்லது.

தமிழில் ஏற்கெனவே நிகரான தொடர் இருந்தும் அதை விட்டுவிடுகிறோமே என்ற வருத்தம் எனக்கு ‘ரெட் ஹேண்டட்’ விஷயத்தில் இல்லை. ‘கையும் களவுமாகப் பிடிபட்டார்’ என்றே தங்கள் செய்தியாளர்கள் தவறாமல் எழுதுகிறார்கள். இரண்டு மொழிகளும் கையைத்தான் பார்த்தன. ஆனால் அந்தக் கைகளில் இருந்தவை வேறு. ஸ்காட்லாந்தின் 1432-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றில் ‘சிவந்த கையோடு’ பிடிபட்ட குற்றவாளி என்ற தொடர் வருகிறது. குருதி காயாத கை என்பது அதன் பொருள். 1819-இன் இறுதியில் வெளிவந்த ‘ஐவன்ஹோ’ புதினத்தில் வால்டர் ஸ்காட் கையாண்ட பிறகு அது ஆங்கிலத்தில் பரவலாயிற்று. அவர்களுடைய சொல்வழக்கு கொலையிலிருந்து வந்தது, நம்முடையது திருட்டிலிருந்து வந்தது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இலஞ்சம் வாங்குவோரைப் பிடிக்க, பினாப்தலீன் தூள் தடவிய பணத்தாள்களைக் கொடுத்து அனுப்புவார்கள். வாங்கியவரின் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் கழுவச் செய்தால், நிறமற்றிருந்த கரைசல் இளஞ்சிவப்பாக மாறிவிடும். ஸ்காட்லாந்துக்காரர் உவமையாகச் சொன்ன சிவப்பைக் கண்ணாடிக் குவளைக்குள் வேதியியல் கொண்டுவந்து வைத்துவிட்டது.

இதற்கு நேர்மாறாக, கோபத்தைக் குறிக்கும் ‘சீ ரெட்’ என்ற தொடரை ‘அவர் சிவப்பைக் கண்டார்’ என்று மொழிபெயர்த்ததைப் பார்த்தபோது எனக்கே சற்றுக் கண் சிவந்தது. உலகில் சிவப்பையும் சினத்தையும் இணைத்துப் பார்க்க எந்த மொழியிடமும் தமிழ் கடன் வாங்க வேண்டியதில்லை. ‘கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள’ என்று தொல்காப்பியத்தின் உரியியல் கூறுகிறது. வெகுளி என்றால் சினம். அடுத்த நூற்பாதான், அச்சொற்கள் ‘நிறத்துரு உணர்த்தற்கும் உரிய’ என்கிறது. அதாவது, சினத்தை முதலில் சொல்லிவிட்டு, நிறத்தைக் குறிப்பதற்கும் இவை உரியவை என்று இலக்கணம் பின்னர்தான் சேர்த்துக்கொள்கிறது. ஆங்கிலேயர் சிவப்பைக் காண்கிறார்கள். நமக்குக் கண்ணே சிவக்கிறது. காட்சி வெளியில் இல்லை, உடம்பில் இருக்கிறது என்ற இந்த வேறுபாடு நுட்பமானது. அதை இழக்கக் கூடாது.

காளைக்குக் காட்டும் சிவப்புத் துணி பற்றிய தொடரும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. மாடுகளின் கண்ணில் இரண்டு வகை நிற உணர்செல்கள் மட்டுமே இருப்பதால் அவற்றுக்குச் சிவப்பு நம்மைப் போல் தனித்துத் தெரிவதில்லை. துணி அசைவதுதான் காளையைச் சீண்டுகிறது. ஸ்பெயின் நாட்டுக் காளைப்போரில் சிறிய சிவப்புத் துணி வருவதும் இறுதிக் கட்டத்தில்தான். அறிவியல் இப்படிச் சொன்ன பிறகும் தொடர் மாறவில்லை. மாற வேண்டிய தேவையும் இல்லை. தமிழில் ‘எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியதுபோல’ என்று நாம் சொல்லிக்கொள்கிறோம்.

ஆனால் ‘ரெட் ஃபேஸ்டு’ என்பதில் பெரிய பள்ளம் இருக்கிறது. ஆங்கிலத்தில் அது பலர் முன்னிலையில் நேர்ந்த தலைக்குனிவு. தமிழில் முகம் சிவந்தால் ஒன்று கோபம், இல்லையேல் நாணம். விளையாட்டுப் பக்கத்தில், பலவீனமான அணியிடம் தோற்ற பெரிய அணி ‘சிவந்த முகத்துடன் வெளியேறியது’ என்று எழுதப்பட்டால், அந்த ஆட்டக்காரர்கள் சண்டைக்குப் போகிறார்களா, மணமேடைக்குப் போகிறார்களா என்று வாசகர் திகைக்க வேண்டியிருக்கிறது. நம் மொழியில் அவமானத்தின் நிறம் வேறு. முகத்தில் கரி பூசப்படும், முகம் கறுத்துப்போகும், சிவப்பதில்லை.

நிறச்சொல் எப்போதும் நிறத்தைத்தான் குறிக்கும் என்று எண்ணுகிறவர்களுக்கு ஒரு கேள்வி. செங்கோல் என்பதை ஆங்கிலத்தில் ‘சிவப்புத் தடி’ என்று ஒருவர் மொழிபெயர்த்தால் நாம் என்ன சொல்வோம்? செம்மை என்ற சொல்லுக்குச் சிவப்பு என்பதோடு நேர்மை என்ற பொருளும் உண்டு. வளையாத கோல் செங்கோல், வளைந்த கோல் கொடுங்கோல். செந்தமிழைச் சிவப்புத் தமிழ் என்றும், செம்மொழியைச் சிவப்பு மொழி என்றும் அயலார் பெயர்த்தால், அகராதியை இரண்டாம் முறை புரட்டவில்லையே என்று நாம் சிரிப்போம். ஆங்கிலத்தின் மீனையும் மையையும் கம்பளத்தையும் நாம் பெயர்க்கும்போது அவர்கள் நம்மைப் பார்த்துச் சிரிக்காததற்குக் காரணம், அவர்களுக்குத் தமிழ் தெரியாது என்பது மட்டுமே.

வணிகப் பக்கத்திற்கே மீண்டும் வருகிறேன். ‘இன் தி ரெட்’ என்பது கணக்கேட்டில் பற்றாக்குறையைச் சிவப்பு மையில் எழுதிய வழக்கத்திலிருந்து வந்து, 1920-களில் அமெரிக்க ஆங்கிலத்தில் பரவிய தொடர். ‘நிறுவனம் சிவப்பில் உள்ளது’ என்று எழுதுவது தமிழும் ஆகாது, தகவலும் ஆகாது. வரவைச் செலவு மிஞ்சும்போது துண்டு விழுகிறது. தொழில் நட்டத்தில் ஓடும்போது கையைக் கடிக்கிறது. இரண்டும் கணக்கு எழுதுகிறவர்களின் வாயில் நாள்தோறும் புழங்கும் தொடர்கள். தவிர, சிவப்பு என்றால் இறக்கம் என்பது உலகம் முழுவதற்கும் பொதுவான உண்மையும் அன்று: சீனா, ஜப்பான், தைவான், தென்கொரியா ஆகிய நாடுகளின் பங்குச் சந்தைத் திரைகளில் விலை ஏறினால்தான் சிவப்பு ஒளிரும். ‘டோக்கியோ சந்தை சிவப்பில் முடிந்தது’ என்ற வரியை அங்கே வாழும் தமிழர் ஒருவர் படித்தால் மகிழ்ச்சியோடு பங்குகளை விற்கக் கிளம்பிவிடக்கூடும்.

சிவப்பு மை எப்போதுமே கெட்ட செய்தியைச் சொன்னதும் இல்லை. திருச்சபை நாட்காட்டிகளில் பெருவிழா நாள்களைச் சிவப்பு மையில் எழுதியதிலிருந்து ‘ரெட் லெட்டர் டே’ வந்தது. இங்கிலாந்தின் உயர் நீதிமன்ற நீதிபதிகள் அத்தகைய நாள்களில் செந்நிற அங்கி அணியும் மரபு இன்றும் இருக்கிறது. தேர்வு மதிப்பீட்டில் ‘ரூப்ரிக்’ என்று ஆசிரியர்கள் சொல்கிறார்களே, அதுவும் செங்காவி என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து கிளைத்ததுதான். கையெழுத்துப் படிகளில் தலைப்புகளையும் வழிகாட்டுக் குறிப்புகளையும் அந்த நிறத்தில் எழுதினார்கள். நாம் மகிழ்ச்சியான நாளைச் சிவப்பால் எழுதுவதில்லை. பொன்னெழுத்துகளால் பொறிக்கிறோம், பொன்னாள் என்கிறோம். இங்கே நிறத்தை மாற்றுவதுதான் நேர்மையான மொழிபெயர்ப்பு.

‘சிவப்புக் கம்பள வரவேற்பு’ பற்றி என் மனம் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. கம்பளத்தை எல்லோரும் திரையில் பார்த்துவிட்டோம், ஆகவே தொடர் புரிகிறது. கி.மு. 458-இல் அரங்கேறிய, கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸின் ‘அகமெம்னான்’ நாடகத்தில், போரிலிருந்து திரும்பும் மன்னன் முன் அவன் மனைவி செந்நிற விரிப்புகளை விரிக்கிறாள். தெய்வங்களுக்கு உரிய மரியாதை அது என்று அவன் கால்வைக்கத் தயங்குகிறான், பிறகு நடந்து உள்ளே போகிறான், உள்ளே கொலையாகிறான். அத்தனை பழைய கம்பளத்தின் மேல் எனக்குப் பகை இல்லை. ஆனால் ‘இரத்தினக் கம்பளம் விரித்து வரவேற்றனர்’ என்று எழுதிக்கொண்டிருந்தோமே, அது எங்கே போயிற்று? பெரியவர்கள் நடந்துவரத் தரையில் விரிக்கும் துணிக்கு ‘நடைபாவாடை’ என்றே ஒரு சொல் நம்மிடம் இருந்தது. 2023-ஆம் ஆண்டு ஆஸ்கர் விழாவில் 1961 முதல் விரித்துவந்த சிவப்பைக் கைவிட்டு ஷாம்பெயின் நிறத்தில் கம்பளம் விரித்தார்கள். அப்போதும் உலகம் அதை ‘ரெட் கார்ப்பெட்’ என்றே பேசிக்கொண்டிருந்தது. நிறமே போன பிறகும் தொடர் நின்றது என்றால், அந்தத் தொடரில் நிறத்தின் எடை எவ்வளவு என்பதைத் தாங்களே மதிப்பிட்டுக்கொள்ளலாம்.

பன்னாட்டுச் செய்திகளில் வரும் ‘ரெட் லைன்’ பற்றியும் ஒரு வார்த்தை. தங்கள் இதழின் ஒரு தலைப்பில், அண்டை நாடு ‘சிவப்புக் கோட்டைத் தாண்டினால்’ போர் மூளும் என்று இருந்தது. கோடு என்பது இரண்டாம் வேற்றுமை ஏற்றால் கோட்டை ஆகும் என்பதைத் தலைப்பு எழுதியவர் மறந்துவிட்டார்; நானோ மதில்மேல் ஏணி வைத்து ஏறும் படைவீரர்களைக் கற்பனை செய்துகொண்டு செய்திக்குள் நுழைந்தேன். ‘எல்லை மீறினால்’ என்றிருந்தால் கோட்டையும் இல்லை, ஏணியும் இல்லை.

எஞ்சியவற்றில் நீண்ட விளக்கத்திற்கு வேலையில்லை. இரவெல்லாம் பறந்து காலையில் கண் சிவக்க இறங்கும் ‘ரெட் ஐ’ விமானத்தை ‘இரவு விமானம்’ என்றாலே போதும். செம்பில் அடித்த அமெரிக்க நாணயத்தை வைத்து, சல்லிக்காசு பெறாதவற்றை அவர்கள் ‘ரெட் சென்ட்’கூடப் பெறாதவை என்றார்கள். செம்பு என்ற நம் சொல்லும் அதன் செந்நிறத்தை ஒட்டியதே என்பது ஓர் இனிய ஒற்றுமை. ‘பெயிண்ட் தி டவுன் ரெட்’ என்பதற்கு மட்டும் ஒரு கதை சொல்வார்கள். 1837-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இங்கிலாந்தின் மெல்ட்டன் மோப்ரே ஊரில், வாட்டர்ஃபோர்டு பிரபுவும் அவருடைய குடிகாரக் கூட்டாளிகளும் சுங்கச் சாவடியையும் வீட்டுக் கதவுகளையும் நிஜமாகவே சிவப்புச் சாயத்தால் பூசிவிட்டார்கள். நிகழ்ச்சி உண்மை, ஆனால் அந்தத் தொடர் அச்சில் தலைகாட்டுவது ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, அதுவும் அமெரிக்காவில். ஆகவே பிரபுவுக்கும் தொடருக்கும் முடிச்சுப் போடுவது அவசரம். வெற்றிக்குப் பின் ரசிகர்கள் ‘நகரைச் சிவப்பாக்கினர்’ என்ற மொழிபெயர்ப்பு மிகவும் ஆபத்தானது. தமிழில் அது கலவரச் செய்தி. கும்மாளமிட்டார்கள், ஊரை அமர்க்களப்படுத்தினார்கள் என்றால் யாருக்கும் காயமில்லை.

நள்ளிரவில் வந்து சேரும் ஆங்கிலச் செய்தியைச் சில நிமிடங்களில் தமிழாக்கி அச்சுக்கு அனுப்ப வேண்டிய நெருக்கடி எனக்குத் தெரியாதது அன்று. இப்போது கணினியே முதல் வரைவைத் தந்துவிடுகிறது. அது கொடியைக் கொடி என்றும் மீனை மீன் என்றும் நாணயமாகப் பெயர்க்கிறது. அதனால்தான் மேசையில் ஒரு சிறு குறிப்பேடு இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மேலே சொன்ன தொடர்களில் ஒரு பத்துப் பன்னிரண்டைப் பொருளோடு எழுதி உதவி ஆசிரியர்களின் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தால், அது ஒரு தாளுக்கு மேல் வராது. அதை எழுதித்தர நானே அணியமாக இருக்கிறேன். பங்கு வெளியீடு பற்றிய அடுத்த செய்தி வருவதற்குள் அந்தத் தாள் வணிகப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தால் நல்லது. தந்தையாருக்கு மீனைப் பற்றியும் விளக்கும் பொறுமை என்னிடம் இருக்கிறதா என்பது ஐயமே.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்